நாலு வருடப் படிப்பு, பதினான்கு வருட ராக்கெட்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் என்றொரு பாலைவனம் இருக்கிறது. அங்கே போய் மணல்மேடுகளையும் ஒட்டகங்களையும் தேடக் கூடாது. என்றோ வற்றிப்போன ஒரு பேரேரியின் அடித்தரை அது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெடித்துக் காய்ந்த களிமண். பலகையில் தேய்த்ததுபோல் சமதளம். 1997-இல் ஒரு கார் ஒலியின் வேகத்தைத் தாண்டி ஓடியது இந்தத் தரையில்தான். ஆண்டுக்கொரு முறை ‘பர்னிங் மேன்’ திருவிழாவுக்கு ஆயிரமாயிரம் பேர் கூடாரம் போடுவதும் இங்கேதான். மற்ற நாள்களில் ஆளரவம் கிடையாது. மேலே இருந்து எது விழுந்தாலும் யார் தலையிலும் விழாது என்பதால், ராக்கெட் விடுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது.

2024 அக்டோபர் 20 அன்று அங்கே ஒரு மாணவர் கூட்டம் நின்றிருந்தது. அவர்கள் முன்னால் சுமார் 4 மீட்டர் உயரம், 150 கிலோ எடை, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கே குறுக்களவு கொண்ட ஒரு ராக்கெட். பெயர் ‘ஆஃப்டர்ஷாக் 2’. பற்றவைத்த இரண்டாவது விநாடியில் அது ஒலியின் வேகத்தைக் கடந்தது. பத்தொன்பதாவது விநாடியில் மணிக்கு ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் வேகம். அதோடு எரிபொருள் தீர்ந்துவிட்டது. அதன்பிறகு அது எறிந்த கல்தான். வாங்கிய வேகத்திலேயே ஏறிக்கொண்டு போனது. ஒன்றரை நிமிடத்துக்குள் விண்வெளியின் எல்லையைக் கடந்து, 143 கிலோமீட்டர் உயரம்வரை சென்று திரும்பியது.

143 கிலோமீட்டர் என்றால் சென்னையிலிருந்து வேலூருக்குப் போகிற தூரம். அதைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். அரசாங்கமோ பெருநிறுவனமோ அல்லாதவர்கள் விட்ட ராக்கெட் எதுவும் அதுவரை அந்த உயரத்தைத் தொட்டதில்லை. அதைச் செய்தவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அப்போது இளநிலைப் படிப்பில் இருந்தவர்கள். செமஸ்டர் பரீட்சைக்கும் படித்துக்கொண்டு, இடையில் இதையும் செய்தவர்கள்.

எது வானம், எது விண்வெளி?

விண்வெளி எங்கே தொடங்குகிறது என்று வானத்தில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகும்; ஓரிடத்தில் சட்டென்று தீர்ந்துவிடாது. ஆனாலும் கணக்குக்கு ஓர் எல்லை வேண்டும். சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு 100 கிலோமீட்டரை எல்லையாக வைத்துக்கொண்டது. அமெரிக்க ராணுவம் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் போதும் என்கிறது. 100 கிலோமீட்டர் எல்லைக்கு ‘கார்மன் கோடு’ என்று பெயர். தியோடர் வான் கார்மன் என்ற விஞ்ஞானியின் பெயரால் வந்தது. அவரிடம் பிறகு வருவோம்; இந்தக் கதையில் அவருக்கும் பங்கு உண்டு.

விண்வெளியைத் தொடுவதும் பூமியைச் சுற்றிவருவதும் ஒன்றல்ல. செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நிற்க விநாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். செங்குத்தாக ஏறி, எல்லையைத் தொட்டுவிட்டு, கீழே விழ விநாடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் சுமாருக்கு இருந்தால் போதும். மாணவர்கள் செய்தது இந்த இரண்டாவது வகை. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று இதைச் சின்ன வேலையாக நினைத்துவிட முடியாது. நின்ற இடத்திலிருந்து பத்தொன்பதே விநாடிகளில் அந்த வேகத்தை எட்ட வேண்டும். புவியீர்ப்பைப்போல் சராசரியாக எட்டரை மடங்கு விசை அத்தனை நேரமும் ராக்கெட்டை அழுத்திக்கொண்டிருக்கும். எங்கே ஒரு ஒட்டு பலவீனமாக இருக்கிறதோ அங்கே பிய்த்துக்கொள்ளும்.

மாவு பிசைவதில் இருக்கிறது சூட்சுமம்

தீபாவளி ராக்கெட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழலுக்குள் மருந்து கெட்டித்திருக்கும். திரியைப் பற்றவைத்தால் அடிப்புறமாக நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போகும். இந்த மாணவர்களின் ராக்கெட்டும் அடிப்படையில் அதே இனம்தான்: திட எரிபொருள் ராக்கெட். திறந்து மூட வால்வு இல்லை, குழாய் இல்லை, பம்பு இல்லை. பற்றவைத்த பிறகு அணைக்கவும் முடியாது.

மருந்துதான் வேறு. அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு, அலுமினியத் தூள், இரண்டையும் பிடித்துவைக்க ஒரு வகை ரப்பர். உப்பு ஆக்சிஜனைக் கொடுக்கிறது; அலுமினியமும் ரப்பரும் எரிகின்றன. பெரிய விண்வெளி நிறுவனங்களின் திட ராக்கெட்டுகளிலும் இதே குடும்பத்துக் கலவைதான். இதைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், மாணவர்களே கலக்கி, அச்சில் வார்த்து, இறுகவைத்து எடுக்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. திட எரிபொருள் மேற்பரப்பில் மட்டுமே எரியும். அதனால் நடுவில் நீளவாக்கில் ஒரு துளை விட்டு வார்ப்பார்கள். நெருப்பு அந்தத் துளையின் சுவரிலிருந்து வெளிப்புறமாகத் தின்றுகொண்டு போகும். எவ்வளவு பரப்பு எரிகிறது என்பதை வைத்து எவ்வளவு வாயு வரும், உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். ஆனால் கலவையில் ஒரு காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டாலோ, இறுகும்போது ஒரு விரிசல் விட்டாலோ கணக்கு தவறிவிடும். நெருப்பு விரிசலுக்குள் புகும். எரியும் பரப்பு கூடும். பரப்பு கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் எரிபொருள் இன்னும் வேகமாக எரியும். ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் உறை வெடித்துவிடும். இட்லி மாவில் குமிழி இருந்தால் இட்லி பஞ்சுபோல வரும். இந்த மாவில் இருந்தால் ராக்கெட்டே மிஞ்சாது.

உறையையும் அவர்களே செய்கிறார்கள், கார்பன் ஃபைபரில். எஃகைவிடப் பல மடங்கு எடை குறைவு. இழுவிசையைத் தாங்குவதில் எஃகுக்குச் சளைத்ததல்ல. விண்வெளிக்குப் போகிற ராக்கெட்டில் உறையின் எடையில் குறைகிற ஒவ்வொரு கிலோவும் உயரமாக மாறும். ஆனால் உலோகம் சூட்டைத் தாங்கும் அளவுக்குக் கார்பன் ஃபைபரைப் பிணைக்கும் பிசின் தாங்காது. உள்ளே மருந்தின் நெருப்பு. வெளியே காற்றை ஐந்தரை மடங்கு ஒலிவேகத்தில் கிழித்துக்கொண்டு போவதால் வரும் சூடு. இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் சுவர்.

சில விநாடிகளில் முடிந்த ராக்கெட்டுகள்

ராக்கெட் உந்துவிசை ஆய்வகம் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இந்த மாணவர் குழு 2005-இல் தொடங்கியது. தாங்களே வடிவமைத்து, தாங்களே செய்த ராக்கெட்டை விண்வெளிக்கு அனுப்பும் முதல் மாணவர் குழுவாக வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட குறிக்கோள். பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது, பேராசிரியர்கள் ஆலோசனை சொன்னார்கள். ஆனால் வடிவமைப்பும் வேலையும் முடிவும் மாணவர்களுடையவை.

முதல் எட்டு ஆண்டுகள் சின்னச் சின்ன ராக்கெட்டுகளிலும், மொஹாவி பாலைவனத்தில் எஞ்சினைத் தரையோடு கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் சோதனைகளிலும் போயின. 2013-இல் விண்வெளியைக் குறிவைத்து ‘டிராவலர் 1’ கிளம்பியது. கிளம்பிய சில விநாடிகளிலேயே வெடித்துச் சிதறியது. அடுத்த ஆண்டு ‘டிராவலர் 2’. அதுவும் அப்படியே. மாதக்கணக்கில் கண்விழித்துச் செய்த இரண்டு ராக்கெட்டுகள் சில விநாடிகளுக்குள் முடிந்துபோயின.

அவர்கள் செய்த அடுத்த காரியம் கவனிக்கத்தக்கது. மூன்றாவது ராக்கெட்டை உடனே தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பின்வாங்கினார்கள். எஞ்சினை முதலிலிருந்து பார்த்தார்கள். தரைச் சோதனைக்குத் திரும்பினார்கள். பிறகு அதே தொழில்நுட்பத்தில் சற்றே சிறிய ‘ஃபேதம் 2’ என்ற ராக்கெட்டைச் செய்து, 2017 மார்ச்சில் விட்டார்கள். அது 1,44,000 அடி, அதாவது சுமார் 44 கிலோமீட்டர் ஏறியது. பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப்போல் நாலு மடங்கு. விண்வெளிக்குப் பாதிகூட இல்லை. ஆனால் வெடிக்கவில்லை.

2018-இல் ‘டிராவலர் 3’ கிளம்பியது. நேராக, அழகாக, எந்தக் கோளாறும் இல்லாமல் மேலே போனது. போனது போனதுதான். உள்ளே இருந்த மின்னணுக் கருவியிலிருந்து ஒரு தகவலும் பதிவாகவில்லை. எவ்வளவு உயரம் போனது, எங்கே விழுந்தது, எதுவும் தெரியாது. அது விண்வெளியைத் தொட்டிருக்கலாம். பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு விடைத்தாளைத் தொலைத்த கதை. மதிப்பெண் போட யாராலும் முடியாது.

தொட்டோம் என்பதற்கு என்ன சாட்சி?

உயரத்தை அளப்பது அப்படி என்ன பெரிய காரியம், ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வைத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். சந்தையில் கிடைக்கும் ஜி.பி.எஸ். கருவிகள் 18 கிலோமீட்டர் உயரத்தையும் மணிக்கு சுமார் 1,900 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டினால் வேலை செய்யாதபடி கட்டுப்படுத்தப்பட்டவை. ஏவுகணைக்கு வழிகாட்ட யாரும் அவற்றைப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. நல்ல எண்ணத்தோடு ராக்கெட் விடுகிற மாணவருக்கும் அதே விதிதான்.

ஆகவே வேறு வழியில் போக வேண்டும். ராக்கெட் எவ்வளவு விசையோடு முன்னேறுகிறது என்பதை விநாடிக்குப் பல முறை அளந்து எழுதும் முடுக்கமானி; எந்தப் பக்கம் சாய்கிறது, எப்படிச் சுழல்கிறது என்பதைச் சொல்லும் சுழல்மானி. இரண்டும் எழுதிவைத்த எண்களைக் கொண்டு, கண்ணைக் கட்டிவிட்ட ஆள் தன் காலடிகளை எண்ணித் தூரத்தைக் கணக்கிடுவதுபோல், ராக்கெட்டின் பாதையைத் திரும்பக் கட்டியெழுப்ப வேண்டும். இந்த வேலையைச் செய்யும் கருவிப் பெட்டியையும் மாணவர்களே வடிவமைத்தார்கள். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஹாம்ஸ்டர்’ என்று வரும். வீடுகளில் கூண்டுக்குள் வளர்க்கிற குட்டிக் கொறிவிலங்கின் பெயர். விண்வெளிக்குப் போவது ஹாம்ஸ்டர்!

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ‘ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா’ ஏவுதளத்திலிருந்து ‘டிராவலர் 4’ புறப்பட்டது. இந்த முறை தகவல் பதிவானது, ராக்கெட் பாராசூட்டில் இறங்கியது, கைக்கும் கிடைத்தது. ஆனால் மாணவர்கள் மறுநாளே மேளம் கொட்டவில்லை. எண்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அறிக்கை வெளியானது: உச்ச உயரம் 3,39,800 அடி, அதாவது 103.6 கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு முன்பின் இருக்கலாம், கார்மன் கோட்டைக் கடந்தது என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.

அந்த 90 சதவீதத்தை அவர்கள் மறைக்கவில்லை. “கடந்துவிட்டோம்” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருந்தால் கேள்வி கேட்க ஆள் குறைவு. பத்தில் ஒரு பங்கு சந்தேகம் இருக்கிறது என்பதைத் தாங்களே எழுதி, கணக்கு முழுவதையும் வெளியிட்டார்கள். மாணவர்கள் மட்டுமே செய்து விண்வெளியைத் தொட்ட முதல் ராக்கெட் என்று ‘டிராவலர் 4’ இன்று அறியப்படுகிறது.

போட்டியில் இருந்தவர்கள்

இந்த ஓட்டத்தில் அவர்கள் தனியாக ஓடவில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 2015-இல் ‘ஸ்ட்ராடோஸ் 2’ வகை ராக்கெட்டை ஸ்பெயினிலிருந்து 21.5 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார்கள். 2018-இல் அவர்கள் விட்ட ‘ஸ்ட்ராடோஸ் 3’ புறப்பட்ட இருபது விநாடி சுமாருக்கு வானத்திலேயே உடைந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர்கள் 2016-இல் சுவீடனின் பனிப்பகுதியிலிருந்து 32 கிலோமீட்டரும், 2023-இல் 64 கிலோமீட்டரும் எட்டினார்கள். இவர்களுடையவை கலப்பு வகை: திட எரிபொருள்மேல் திரவ நைட்ரஸ் ஆக்சைடைச் செலுத்தி எரிப்பது. வால்வை மூடினால் எஞ்சின் நின்றுவிடும் என்பதால் பாதுகாப்பு கூடுதல், கட்டுவது கடினம்.

முழுக்க முழுக்கத் திரவ எரிபொருளில் 100 கிலோமீட்டரைத் தொடும் மாணவர் குழுவுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அமெரிக்காவில் ‘பேஸ் 11’ என்ற அமைப்பு 2018-இல் அறிவித்தது. பல்கலைக்கழகங்கள் பல களத்தில் குதித்தன. அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

உயர சாதனை அதுவரை மாணவர்களிடம் இல்லை. ராக்கெட் பித்துப் பிடித்த பெரியவர்களிடம் இருந்தது. ஹாலிவுட் சண்டைக்காட்சிக் கலைஞராக இருந்த கை மைக்கேல்சன் என்பவரின் தலைமையில் ஒரு குழு, 2004 மே மாதம் இதே பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து 116 கிலோமீட்டருக்கு ராக்கெட் விட்டது. அரசு சாராத அமெச்சூர்கள் விண்வெளியைத் தொட்டது அதுவே முதல் முறை. 2014-இல் அக்குழுவே அதைச் சற்று உயர்த்தி 117 கிலோமீட்டர் சொச்சம் ஆக்கியது. அந்தச் சாதனை பத்தாண்டு நின்றது. 2024-இல் ‘ஆஃப்டர்ஷாக் 2’ அதை 25 கிலோமீட்டர் வித்தியாசத்தில் தாண்டியது.

இதற்குமேல் எவ்வளவு போகலாம்? அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் ‘அமெச்சூர் ராக்கெட்’ என்பதற்கு இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார்கள்: 150 கிலோமீட்டருக்குமேல் போகக் கூடாது. அதைத் தாண்டினால் அது அமெச்சூர் கணக்கில் வராது. பெரிய நிறுவனங்களுக்கான உரிம நடைமுறைகளுக்குள் போக வேண்டியிருக்கும். மாணவர்களின் தலைக்கும் அந்தக் கூரைக்கும் நடுவே இப்போது ஏழு கிலோமீட்டர்கூட மிச்சமில்லை.

கார்மனின் பிள்ளைகள்

இனி, வான் கார்மன். ஹங்கேரியில் பிறந்த அவர் 1930-களில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்திலேயே, பாசடீனாவின் கால்டெக் நிறுவனத்தில் பேராசிரியர். அந்தக் காலத்தில் ராக்கெட் என்றால் படித்தவர்கள் சிரிப்பார்கள். அது பத்திரிகைக் கதைகளில் வருகிற சமாச்சாரம். ஃபிராங்க் மலினா என்ற ஆராய்ச்சி மாணவர் அவரிடம் வந்து ராக்கெட்டில் ஆய்வு செய்ய வேண்டும் என்றார். கார்மன் சரி என்றார். மலினாவோடு கல்லூரிக்கு வெளியே இருந்த இரண்டு இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

1936 அக்டோபர் 31 அன்று, அரோயோ சீக்கோ என்ற வறண்ட ஓடைப் பள்ளத்தில் அவர்களின் முதல் எஞ்சின் சோதனை. ஆக்சிஜன் குழாய் தீப்பிடித்துப் பாம்புபோல் துள்ள, எல்லோரும் ஓட்டம் பிடித்தார்கள். பிறகு கல்லூரிக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு நாள் நச்சுவாயு கசிந்து, ஆய்வுக் கருவிகள் துருவேறின. வளாகத்தில் அவர்களுக்கு ‘தற்கொலைப் படை’ என்று பட்டப்பெயரே விழுந்தது. சோதனைகளை வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் படையில் சேர்ந்திருந்த சியென் சுவே-சென் என்ற சீன மாணவர் பிற்காலத்தில் சீனாவின் ராக்கெட் துறைக்கே தந்தையானார். அந்த ஓடைக்கரையில் முளைத்ததுதான் ஜெட் உந்துவிசை ஆய்வகம்; செவ்வாயில் ஊர்ந்துகொண்டிருக்கும் ‘கியூரியாசிட்டி’, ‘பெர்சிவரன்ஸ்’ ஊர்திகள் அங்கே உருவானவை.

மாணவர்களைத் தடுக்காத பேராசிரியரின் பெயரில் அமைந்த எல்லையை, எண்பதாண்டு கழித்து, அதே வட்டாரத்து மாணவர்கள் தாண்டியிருக்கிறார்கள்.

ஆள் மாறும், பாடம் மாறாது

இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டு. முதலாண்டில் திருப்புளி பிடிக்கக் கற்று, இரண்டாம் ஆண்டில் எதையோ உடைத்து, மூன்றாம் ஆண்டில் கைவந்து, நான்காம் ஆண்டில் பொறுப்பேற்கும்போது பட்டம் வாங்கும் நாள் வந்துவிடும். ஒரு நிறுவனத்தில் நான்காண்டுக்கு ஒரு முறை மொத்த ஊழியர்களும் விலகிப்போனால் அது எத்தனை நாள் தாங்கும்? இந்தக் குழு அப்படித்தான் நடக்கிறது. 2013-இல் முதல் டிராவலர் வெடித்ததைக் கண்ணால் பார்த்த முதலாமாண்டு மாணவர்கூட, 2019-இல் நான்காவது டிராவலர் வெற்றி பெற்றபோது வளாகத்தில் இருந்திருக்க முடியாது.

அப்படியிருந்தும் வெடித்ததிலிருந்து கற்றது வெடிக்காததற்குள் போய்ச் சேர்ந்தது. சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்ல மறந்ததை எழுத்து சொன்னது. எழுத்தில் வராததைப் பழைய எஞ்சினின் கருகிய துண்டு சொன்னது. இங்கே பழகிய கைகளுக்கு வெளியே வேலை தயாராக இருக்கிறது. தனியார் ராக்கெட் நிறுவனங்கள் நிறைந்த ஊர் லாஸ் ஏஞ்சலஸ். குழுவின் பழைய மாணவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

‘ஆஃப்டர்ஷாக் 2’-இல் அந்தச் சங்கிலியைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேகம் கூடக் கூட, வால் துடுப்புகளின் முன்விளிம்பைச் சூடு அரித்துவிடும் என்பது முந்தைய ராக்கெட்டுகள் சொல்லிக்கொடுத்த பாடம். துடுப்பு கோணினால் ராக்கெட் திசை தப்பும். ஆகவே இந்த முறை விளிம்புகளுக்கு டைட்டானியம் உலோகத்தில் கவசம் போட்டார்கள். உடலுக்குச் சூடு தாங்கும் புதுப் பூச்சு அடித்தார்கள். சாம்பல் நிறத்தோடு மேலே போன டைட்டானியம், ராக்கெட் திரும்பி வந்தபோது நீலமாகியிருந்தது. சூட்டில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே படிந்த மெல்லிய படலம் காட்டும் நிறம் அது. நிறம் மாறியதே தவிர, விளிம்பு நின்றது.

அந்தத் துடுப்பைக் கையில் வாங்கிப் பார்த்த முதலாமாண்டு மாணவருக்குப் பதினெட்டு வயது என்று வைத்துக்கொண்டால், இந்தக் குழு முதல் எஞ்சினைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய 2005-இல் அவர் பிறந்தே இருக்கவில்லை.